உன் மோட்டாரை நான்தான் பிரித்தேன்

அன்பு மகனுக்கு,

நீ ஏறிய திருவண்ணாமலை பஸ் கோட்டைப் பக்கம் திரும்பி மறைவதற்குள் நான் கடைக்கு ஓடி வந்துவிட்டேன். பெஞ்சின் மேல் கிடந்த ஒயர்ச் சுருளையும் கத்தரியையும் ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையை ஏற்றிவிட்டு வந்த கை காயவில்லை, அதற்குள் கடிதமா என்று உன் நைனா சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கும் இன்றைக்குத்தான் விஷயம் தெரியப்போகிறது. நான்கு நாள் லீவில் வந்தாய், நான்கு நாளும் சோற்றைக் கோழி கிளறுகிற மாதிரி கிளறிவிட்டு எழுந்தாய். பெங்களூரில் எவளோ ஒருத்தியைப் பார்த்துவிட்டாய், சொல்ல வாய் வரவில்லை என்று நானும் உன் நைனாவும் முடிவே கட்டிவிட்டோம். பெண் எந்த ஊர், எந்த மாதா கோயில் பங்கு என்று கேட்க நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விஷயத்தைச் சொல்கிறாய்.

"ஃபேக்டரில செஞ்ச பத்து மோட்டாரும் நான் சொன்ன மாதிரி ஓடலம்மா. என் கணக்குதான் தப்பு. திங்கக்கிழமை அப்படியே எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டு வந்துடறேன்."

பஸ் போய்விட்டது. மகனே, உன் கணக்கில் தப்பில்லை. நீ பெங்களூருக்கு இன்டர்வியூவுக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை, நம் கடையில் உன் மோட்டாரைப் பிரித்தது நான்தான். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். நன்றாகக் கோபப்பட்டு முடித்துவிட்டு மேலே படி. ஆனால் திங்கட்கிழமைக்கு முன் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. அதற்காகத்தான் இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன், பாதி உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும். இந்தப் பக்கக் கிணறுகளுக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து நமக்கு ஓய்வு இல்லை. வோல்டேஜ் பத்தாமல் மோட்டார் புகைந்துவிடும், உன் நைனா சைக்கிளில் போய்க் கழற்றி வருவார், நான் கருகிய செம்புக் கம்பிக் காயிலை வெட்டி எடுத்து ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் புதுக் காயில் சுற்றுவேன். இந்த வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு என்பது பஜாருக்கே தெரியும். நம் கடைக்கு எப்படி அழுக்காக வந்தாலும், போகும்போது எந்த மோட்டாரும் அழுக்காகப் போகாது. முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயிலுக்கு வார்னிஷ் ஊற்றி, பல்பு எரியும் தகர டிரம்முக்குள் வைத்துக் காயவைத்து, மேலே பச்சை பெயின்ட் அடித்தால்தான் எனக்கு மனசு ஆறும். சிங்கவரத்து விவசாயி ஒருவர், இந்த மோட்டாரைக் கிணற்றில் இறக்கவா, கல்யாண ஊர்வலத்தில் ஏற்றவா என்று கேட்டார். அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்தவன், சுற்றி முடித்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மோட்டாரின் மேல் என் கையை எடுத்து வைத்தாய். எனக்குச் சுள்ளென்றது. "தொட்டுப் பாரும்மா. இந்தச் சூடு பூரா தண்ணியா வந்திருக்கணும்" என்றாய். நான் உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். குட்டியது கைதான், மனசு அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் என்றால் சுடும் என்று தெரிந்துகொண்டே அத்தனை வருஷம் சுற்றியிருக்கிறேன். அந்தச் சூடு யாருக்கோ போய்ச் சேர வேண்டிய தண்ணீர் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் வயிற்றில் பிறந்தவனுக்குத் தோன்றியதே என்று அவ்வளவு பெருமையாக இருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பெருமையை உடனே சொல்லிவிடு மகனே, நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். நான் குட்டு வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் வந்தது உன் பிரஷ் இல்லாத மோட்டார். லாரி டைனமோக்கள் நம் கடைக்கு வரும்போதெல்லாம் கார்பன் பிரஷ் தேய்ந்து கறுப்புத் தூள் என் மூக்கு வரை ஏறும். அந்தப் பிரஷே இல்லாமல் பேட்டரியில் ஓடும் மோட்டார் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது, கால் இல்லாத கட்டிலா என்று கேட்டேன். நீ தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாய். நடுவில் சுற்றுவது காந்தம். காயில் எல்லாம் வெளியே அசையாமல் உட்கார்ந்திருக்கும். காந்தம் எதிரே வந்ததும் ஒரு சின்னக் காயில் அதை உணர்ந்து டிரான்சிஸ்டருக்குச் சொல்லும், டிரான்சிஸ்டர் கரண்டைத் திறந்து மூடும். தேய்வதற்கு ஒன்றுமில்லை, பொறி பறப்பதற்கு ஒன்றுமில்லை. "காந்தத்துக்குத் தீனியே போட வேணாம்மா, சும்மாவே இழுக்கும்" என்றாய். அந்தக் காந்தத்துக்காக நீ சென்னைக்கு எழுதப் போனாய். உன் நைனாதான் பரண் மேல் ஏறி, கரண்ட் வந்ததும் யாரோ தூக்கிப் போட்ட பழைய மண்ணெண்ணெய் இன்ஜினின் மேக்னெட்டோவை எடுத்துக் கொடுத்தார். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற அந்த மேக்னெட்டோவுக்குள் உருளையாக ஒரு காந்தம் இருந்தது. அதைப் பார்த்ததும் உன் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காயில் சுற்ற நீயும் நானும் போட்ட சண்டையை மறந்துவிட்டாயா? நீ சொன்ன தடிமனில் ஒயர் இரும்பில் வெட்டியிருக்கிற அந்தக் காடியில் அடங்காது என்றேன். மெல்லிசு போட்டால் சூடாகும், தடித்ததுதான் வேண்டும் என்று நீ நின்றாய். காகிதத்தில் எல்லாம் அடங்கும், காடியில் அடங்க வேண்டுமே என்று கத்தினேன். கத்திவிட்டு நானே மூங்கில் சிம்பு சீவி, ஒவ்வொரு சுற்றாக அழுத்தி அழுத்தி அடக்கினேன். மூன்று நாள் ஆயிற்று. பக்கத்தில் நீ ஒவ்வொரு சுற்றையும் எண்ணினாய், நடுநடுவே உன் எண்ணிக்கை தப்பியது, என்னுடையது தப்பவில்லை. அந்த மூன்று நாள் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகமில்லை. தொண்டூர்ப் பக்கம் கரண்ட் வராத ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் மருந்தகத்தில் அதற்கு இறக்கை மாட்டி, லாரி பேட்டரியில் இணைத்து, விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டாய். சத்தமே இல்லை. ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்தார், அவர் முக்காடு பறந்தது. ஒரே பேட்டரியில் அது எத்தனை நாள் ஓடியது என்று எழுதித்தான் நீ பெங்களூர் ஃபேக்டரிக்குக் கடிதம் போட்டாய். மோட்டாரோடு வந்து பார் என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை. நீ புதுச் சட்டை வாங்கத் திண்டிவனம் போனாய். உன் நைனா மோட்டார் கழற்றக் கிராமத்துக்குப் போயிருந்தார். யாரும் தொடக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் பெஞ்சின் மேல் அது உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. மருந்தகத்துத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, வார்னிஷ் காணாத என் காயில். என் மகன் வெள்ளைச் சட்டையோடு பெரிய மனிதர்கள் முன் போய் நிற்பான், அவன் மோட்டார் இந்தக் கோலத்திலா போகும்? பத்து வருஷப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. பிரித்தேன். பேரிங்கை எடுக்க அச்சைச் சுத்தியால் நாலு தட்டுத் தட்டினேன். காந்தத்தைக் கழுவித் துடைத்து ஜன்னல் ஓரம் வெறுமனே வைத்தேன். மற்றதை வார்னிஷில் நனைத்து டிரம்முக்குள் வைத்தேன். பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பூட்டிவிட்டு அச்சை விரலால் திருப்பிப் பார்த்தபோதுதான் பாட்டு நின்றது. காலையில் அதைத் திருப்பினால் காந்தம் இரும்பைப் பிடித்துப் பிடித்து விடும், விரலுக்கு அந்த வெட்டு தெரியும். இப்போது விளக்கெண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. காலையில் கத்தரியை விடாமல் பிடித்த காந்தம், பூட்டும்போது கத்தரியைச் சீண்டக்கூட இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேக்னெட்டோக் காந்தத்தை வெளியே எடுத்தால் உடனே இரும்பால் மூடி வைக்க வேண்டும், வெறுமனே விட்டால் சக்தி இறங்கிவிடும், தட்டினால் இன்னும் இறங்கும் என்று உன் நைனா எப்போதோ சொல்லியிருக்கிறார். நாம் சுற்றுகிற கிணற்று மோட்டாரில் காந்தமே கிடையாது, எனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

நீ வந்தாய். மோட்டார் பளபளப்பாக இருந்ததைப் பார்த்தாய், மேலே துடைத்தேன் என்று பொய் சொன்னேன். பேட்டரியில் இணைத்தாய். ஃபேன் சோம்பலாகச் சுற்றியது, கரண்டை அளக்கிற அம்மீட்டர் முள் முன்பைவிட இரண்டு பங்கு ஏறி நின்றது, காயில் சுட்டது. நீ சூட்டைத்தான் ஜென்ம விரோதி என்று நினைத்தவன். உன் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கணக்கைத் திரும்பப் போட ஆரம்பித்தாய். சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. பயம் ஒரு பக்கம், பத்து வருஷம் மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய வைண்டிங்காரி உன் ஒரு மோட்டாரைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம் ஒரு பக்கம். ஒரு பிள்ளை தன் தப்பென்று நினைத்துத் தன்னையே நோண்டிக்கொண்டிருக்க, பெற்றவள் பக்கத்தில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கூட எனக்கு முகம் சுடுகிறது.

ஞாயிறு காலை எனக்குத் தலைவலி என்று சொல்லி உன்னையும் நைனாவையும் பூசைக்கு அனுப்பினேன். காய்ச்சலிலும் பூசையை விடாதவளுக்குத் தலைவலியா என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாமல் போனது அந்தச் சாமி செய்த உதவி. நீங்கள் தெருமுனை திரும்பியதும் மோட்டாரை முந்தானையில் சுற்றிக்கொண்டு பேட்டரிக் கடை காதர் பாயிடம் ஓடினேன். அவர்தான் பழைய நாளில் இன்ஜின் மேக்னெட்டோக்களுக்குக் காந்தம் ஏற்றியவர். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, சிரித்தார்.

"பயப்படாதம்மா. போனது காந்தம்தானே, கழுத அத ஏத்திட்டா வந்துடும். நீ காயில் சுத்து, நான் பேட்டரிய அடுக்கறேன்."

இரண்டு கனத்த இரும்புத் துண்டுகள் எடுத்தோம். அவற்றில் நான் விரல் தடிமன் ஒயரைச் சுற்றினேன், இரண்டுக்கும் நடுவில் காந்தத்தை வைத்தோம். பாய் ஆறு லாரி பேட்டரியை வரிசையாக இணைத்து, ஒயர் முனையைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஒவ்வொரு தொடலுக்கும் படார் என்று பொறி பறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் சொல்ல வேண்டிய ஜெபத்தை எல்லாம் அங்கே சொல்லி முடித்தேன். ஏற்றிய கையோடு காந்தத்தை ஓர் இரும்புக் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, குழாயை மோட்டாரின் வாயில் வைத்து, காந்தம் காற்றைப் பார்க்காமலே அப்படியே உள்ளே தள்ளிவிட்டார் பாய். பூட்டி அச்சைத் திருப்பினேன். முதல் நாள் காலையில் இருந்ததைவிட அழுத்தமாக வெட்டியது. பல வருஷம் பரணில் கிடந்து பாதி வற்றிப்போன காந்தத்தைத்தான் நீ முதலில் மாட்டியிருந்தாய். இப்போது அது முழுசாக நிரம்பியிருந்தது.

பூசை முடிந்து வந்த நீ பெங்களூருக்குப் போகவில்லை என்று எழுதப் பேப்பர் தேடினாய். ஒரே ஒரு தரம் ஓட்டிப் பார் என்று நான் கெஞ்சினேன், உன் நைனா அதட்டினார். வேண்டாவெறுப்பாக ஒயரை மாட்டி விரலால் தட்டினாய். ஃபேன் எடுத்த எடுப்பில் சீறியது, முள் ஏறவே மனசில்லாமல் கீழேயே நின்றது. நீ காயிலைத் தொட்டாய். சில்லென்று இருந்தது. அப்புறம் என்னை இடுப்போடு தூக்கிக் கடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாயே, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள், எனக்குச் செருப்பு ஒரு பக்கம் போனது. நேற்று பேட்டரிதான் இறங்கியிருக்கிறது என்று நீயே சொல்லிக்கொண்டு, அன்றைய முள் காட்டியதை நோட்டில் எழுதிக்கொண்டாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு, மோட்டாரைப் பிரித்ததைவிடப் பெரிய தப்பு. நீ அந்த எண்ணைத்தான் பெங்களூரில் சொன்னாய், வேலையும் வாங்கினாய். அந்த எண்ணைத்தான் இப்போது பத்து மோட்டாரிலும் உன்னிடம் கேட்கிறார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. முந்தாநாள் சாப்பிடும்போது ஒரு வேடிக்கை சொன்னாய். பார்சலில் வருகிற காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொல்லை பண்ணுவதால் உங்கள் பிரிவில் மரப் பலகையில் தனித்தனியாகப் பரப்பி வைத்திருப்பார்கள் என்றாய், மாட்டுவதற்கு முன் அச்சைத் தட்டிச் சரி பார்ப்பார்கள் என்றாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தேன். பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. என் ஜன்னல் ஓரத்தில் நடந்தது உன் பலகை மேல் நடந்துகொண்டிருக்கிறது மகனே. நீ மாட்டுகிற பத்துக் காந்தமும் மாட்டுவதற்கு முன்னாலேயே வற்றிவிடுகின்றன. வரையும்போது நீ சுற்றையும் தடிமனையும் கணக்குப் போட்டாய். காந்தத்தை வெளியே எடுத்துப் போடுகிற அம்மா மாதிரி ஆட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை ஒன்றும் எழுதிக் கொடுக்காதே. ஒரே ஒரு மோட்டாரை எடு, காந்தத்துக்குப் புதிதாகச் சக்தி ஏற்றி, இரும்புக் குழாய்க்குள்ளேயே வைத்து உள்ளே தள்ளிப் பார். காந்தத்தை உள்ளே பூட்டிய பிறகே ஏற்றுவதற்கு வழி உண்டா என்று யோசி, அது உன் மூளைக்கு வரும், எனக்கு வராது. அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா. கடையில் உனக்கு ஒரு ஸ்டூல் போடுகிறேன், மார்கழி வரைக்கும் காயில் சுற்றலாம்.

இப்போது உன் நைனாவிடம் படித்துக் காட்டினேன். தலைவலி வந்த கதையில் அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் காதர் பாய்க்கு அன்றைக்கு டீயாவது வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுக்கவில்லை. இரண்டு பேரும் இப்போது அங்கேதான் போகிறோம், போகிற வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுவோம். எனக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது. நீ கெட்டிக்காரன் என்று எனக்கு எப்போதும் தெரியும், இன்றைக்கு அதற்குச் சாட்சியும் நானே ஆகிவிட்டேன்.

உன் அதிகாரி கேட்டால் எதையும் மறைக்காதே, நான் மறைத்துப் பார்த்ததே போதும். அந்த மோட்டார் ஓடியது உன் கணக்கால். படுத்தது என் கையால். எழுந்து முன்பைவிட நன்றாக ஓடியதும் என் கையால்தான். இதே வரிசையில் சொல்லு, மூன்றாவதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா